முறுக்கு நோட்டும் நாழிக் கணக்கும்: முப்பரிமாண அச்சில் கோப்புமாற்றி எப்படி இயங்குகிறது?

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கிய ஓர் ஆய்வகம், இயந்திரத்தைச் செய்த நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எங்களிடம் உள்ள கோப்புகளை உங்கள் இயந்திரம் ஏற்கும் வகைக்கு மாற்றித் தரும் மென்பொருள் தேவை. ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவோம்." எழுதியவருக்கு இது தெளிவான கோரிக்கை. படிக்கிறவருக்கோ இதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்கு? போகிற வழி மட்டுமா, திரும்பி வரும் வழியும் வேண்டுமா? மாறும்போது எது தொலைந்தால் பரவாயில்லை, எது தொலையவே கூடாது? இவற்றைச் சொல்லாமல் மாற்றி கேட்பது, அடுப்படிக்குள் தலையை நீட்டி "முறுக்கு வேணும்" என்பது போலத்தான். மாவா, பிழியும் நாழியா, சுட்டதா என்று உள்ளேயிருந்து திருப்பிக் கேட்பார்கள்.

அந்த அடுப்படிக்கே போவோம். ஒரே முறுக்கைப் பற்றி நான்கு விதமாக எழுதலாம். முதலாவது பாட்டியின் நோட்டு. நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்தரைத்த உளுந்து மாவு, வெண்ணெய் எதற்கு, மழைக்காலத்தில் தண்ணீரை எப்படிக் குறைப்பது என்று காரணத்தோடு இருக்கும். இரண்டாவது, அந்த நோட்டைப் பார்க்காமல் சுட்ட முறுக்கை மட்டும் அளந்து எழுதியது: ஏழு சுற்று, இழை இத்தனை தடிமன், வெளிவட்டம் இத்தனை அகலம். மூன்றாவது எழுத்தே இல்லை. முறுக்கைச் சின்னச் சின்ன நேர்த்துண்டுகளாக ஒடித்து, வட்டம் போலத் தெரியும்படி தட்டில் அடுக்கி வைத்து "இதுதான்" என்று காட்டுவது. நான்காவது, இந்த வீட்டு அடுப்புக்கும் இந்த நாழிக்கும் மட்டுமான கைவேலைக் குறிப்பு: எண்ணெய் இவ்வளவு காயட்டும், நாழியை இங்கே பிடி, இப்படிச் சுற்று, பிடியை இத்தனை திருகு திருகு.

முதலாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்கி வருவது எளிது. நான்காவதிலிருந்து முதலாவதுக்கு ஏற முடியாது. கைவேலைக் குறிப்பை எத்தனை முறை படித்தாலும் வெண்ணெய் ஏன் சேர்த்தார்கள் என்று தெரியப்போவதில்லை. அச்சு ஆய்வில் கோப்புமாற்றி தொடர்பான தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால்தான் வருகின்றன.

வடிவம் வரைய உதவும் கேட் மென்பொருள் தன் சொந்தக் கோப்பில் சேமிப்பது பாட்டியின் நோட்டு. துளையின் விட்டம் சுவர்த் தடிமனில் பாதி, அது மாறினால் இதுவும் மாறும் என்ற உறவுகளெல்லாம் அதில் இருக்கும். அளந்து எழுதிய இரண்டாவது தாள் ஸ்டெப் கோப்பு. ஒடித்து அடுக்கிய துண்டுகள் எஸ்டிஎல். கைவேலைக் குறிப்பு ஜி-கோட். உலோக இயந்திரங்களில் அந்தந்த நிறுவனத்தின் மூடிய கோப்பு. இந்தத் துறைக்கும் அடுப்படிக்கும் பிறவித் தொடர்பே உண்டு. உருகிய பிளாஸ்டிக்கை முனை வழியாகப் பிழிந்து அடுக்கும் முறையை உருவாக்கிய ஸ்காட் கிரம்ப், 1980-களின் கடைசியில் தம் வீட்டுச் சமையலறையில், பசைத் துப்பாக்கியில் பாலித்தீனையும் மெழுகையும் கலந்து போட்டு, மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்யப் போய்த்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். அதிலிருந்து பிறந்த நிறுவனம் ஸ்ட்ராட்டசிஸ்.

முக்கோணத் துண்டுகள்

எஸ்டிஎல் இந்தப் பிழியும் முறைக்கும் மூத்தது. சக் ஹல் திரவப் பிசினை ஒளியால் கெட்டியாக்கி அச்சிடும் முறைக்கு 1984-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986-இல் பெற்றார். அவருடைய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக 1987-இல் ஆல்பர்ட் கன்சல்டிங் குரூப் இந்தக் கோப்பு வகையை உருவாக்கியது. அன்றைய கணினிக்கு இருந்த நினைவகத்தில் வளைவுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் தோலை முக்கோணங்களாக ஒடித்துவிடு என்று முடிவு செய்தார்கள்.

இருமக் கோப்பின் அமைப்பை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். முதல் 80 பைட் தலைப்பு. அதில் யாரும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த 4 பைட்டில் முக்கோணங்களின் எண்ணிக்கை. பிறகு முக்கோணத்துக்கு 50 பைட் வீதம்: வெளிப்புறம் எது என்று காட்டும் திசை, மூன்று முனைகளின் ஆயங்கள், கடைசியில் பயன் ஒதுக்காத 2 பைட். ஒரு கனசதுரத்துக்கு 12 முக்கோணம், ஆக 684 பைட். பத்து லட்சம் முக்கோணம் என்றால் 50 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். ஒரு பிற்பகலில் கல்லூரி மாணவர் இதைப் படிக்கும் நிரலை எழுதிவிடலாம். எஸ்டிஎல் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் சிறப்பு இல்லை, இந்த எளிமைதான்.

எளிமைக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம். 10 மி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத் துளையை 36 நேர்கோடுகளாக ஒடித்தால், ஒவ்வொரு கோட்டின் நடுப்புள்ளியும் உண்மையான வட்டத்திலிருந்து 0.038 மி.மீ. உள்ளே வந்துவிடும். துளை அந்த அளவு சிறுத்துப்போகும். அதில் நுழைய வேண்டிய தண்டு முரண்டு பிடிக்கும். 72 கோடுகளாக்கினால் பிழை 0.0095 மி.மீ. ஆகக் குறையும், கிட்டத்தட்டக் கால்பங்கு. துண்டுகள் பொடியாகப் பொடியாக வட்டம் வட்டமாகும், கோப்பு பெருத்துக்கொண்டே போகும். மேசைமேல் வைக்கும் பிளாஸ்டிக் அச்சுக்கு 0.038 பெரிய விஷயமில்லை. 0.03 மி.மீ. தடிமன் அடுக்குகளாக உலோகத்தை உருக்குகிறவருக்கு அது ஓர் அடுக்கைவிடப் பெரிய பிழை. கேட் மென்பொருளில் "எஸ்டிஎல்லாகச் சேமி" என்று அழுத்தும்போது வரும் பெட்டியில் விலகல் எல்லை என்று ஓர் எண் கேட்கும். பலரும் பார்க்காமலே சரி என்று தட்டிவிடும் அந்த எண்தான் இதைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது அலகு. எஸ்டிஎல்லில் எண்கள் உண்டு, அவை எதன் எண்கள் என்பது கிடையாது. 2 என்று இருந்தால் 2 மி.மீ.யா, 2 அங்குலமா? நோட்டில் "அரிசி 4, உளுந்து 1" என்று மட்டும் எழுதியிருந்தால் பங்கு தவறாது, முறுக்கு வரும். ஆனால் படியா டம்ளரா என்று தெரியாமல் எத்தனை பேருக்குக் காணும் என்று சொல்ல முடியாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகப் படித்தால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துப் பொம்மை வீட்டுச் சாமானாக வரும். உருவம் அச்சு அசலாக இருப்பதால் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

மூன்றாவது தொல்லை நுட்பமானது. அந்தக் கனசதுரத்துக்கு முனைகள் 8 தான். எஸ்டிஎல்லோ ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முனை என்று 36 தடவை எழுதி வைக்கிறது. ஒரே முனையைப் பல இடத்தில் எழுதும்போது கடைசி இலக்கம் கொஞ்சம் பிசகினால் போதும், இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறல் விழுந்தால் எது உள்ளே, எது வெளியே என்று மென்பொருளுக்குத் தெரியாது; எங்கே நிரப்புவது என்றும் தெரியாது. ஓட்டையில்லாத தோலில் ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதிலிருந்து ஒரு குறுக்குவழி கிடைக்கிறது: முக்கோணங்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அந்தக் கோப்பில் எங்கேயோ பழுது இருப்பது நிச்சயம். இரட்டைப்படை என்பதால் மட்டும் நல்ல கோப்பு ஆகிவிடாது, அது வேறு.

சும்மா கிடந்த அந்த 2 பைட்டையும் விட்டுவைக்கவில்லை. சில மென்பொருள்கள் அதில் நிறத்தைத் திணித்தன. ஒன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வரிசையில் வைத்தது. மெட்டீரியலைஸ் நிறுவனத்தின் மேஜிக்ஸ் தலைகீழ் வரிசையில் வைத்தது. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் சிவப்புப் பாகம் நீலமாக நிற்கும்.

ஏறமுடியாத படிக்கட்டு

ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 தரம், 1994-இல் வந்தது. வட்டத்தை அது வட்டமாகவே வைத்திருக்கும்: மையம் இங்கே, ஆரம் இவ்வளவு. 2014-இல் வந்த ஏபி242 பிரிவு, அளவுகளோடு அவற்றில் எவ்வளவு பிசகலாம் என்பதையும் கணினி படிக்கும்படி எழுதிவைக்க வழிசெய்தது. ஆனால் ஸ்டெப்பிலும் நடைமுறையில் பாட்டியின் காரணங்கள் வருவதில்லை. துளை எத்தனை பெரிது என்பது இருக்கும், ஏன் அத்தனை பெரிது என்பது இருக்காது.

ஸ்டெப்பிலிருந்து எஸ்டிஎல்லுக்கு இறங்க எல்லா மென்பொருளும் தயார். ஏறுவதற்குத்தான் ஆய்வு மாணவர்கள் அலைகிறார்கள். "எஸ்டிஎல்லை ஸ்டெப்பாக மாற்றித் தரும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களில் பல, ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு தட்டையான முகமாக எழுதி ஸ்டெப் உறையில் போட்டுக் கொடுத்துவிடும். ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருளிலும் நேராகச் செய்தால் இதுவேதான் வரும். உறையில் ஸ்டெப் என்று இருக்கும், உள்ளே ஒடிந்த துண்டுகள் அப்படியே இருக்கும், துளையின் விட்டத்தை மாற்றப் போனால் விட்டம் என்ற ஒன்றே அங்கே இருக்காது. கோப்பின் பெயர் மாறுவதும் கோப்பு மாறுவதும் ஒன்றல்ல என்பதை இந்த ஒரு மாற்றத்தில் பார்த்துவிடலாம். துண்டுகளைப் பார்த்து "இது உருளை, இது தளம்" என்று அடையாளம் கண்டு மறுபடி வரைவது தலைகீழ்ப் பொறியியல் என்ற தனி வேலை. அதற்கு ஆள் உட்கார வேண்டும்.

மருத்துவத் துறையிலிருந்து வருகிறவர்களுக்குத் தொடக்கமே வேறு. சிடி ஸ்கேனில் நோட்டும் இல்லை, அளவும் இல்லை. அடுக்கடுக்கான சாம்பல்நிறப் படங்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து எலும்பின் தோலை முக்கோணங்களாக உரித்தெடுக்கும் மார்ச்சிங் க்யூப்ஸ் என்ற வழிமுறையை லோரன்சனும் கிளைனும் வெளியிட்டது 1987-இல், எஸ்டிஎல் பிறந்த அதே ஆண்டில். எங்கே எலும்பு முடிந்து சதை தொடங்குகிறது என்று ஆய்வாளர் தேர்ந்தெடுக்கும் ஓர் எண்ணைப் பொறுத்து தாடை எலும்பு தடித்தும் மெலிந்தும் வரும். அந்த எண் எஸ்டிஎல்லில் எங்கேயும் பதிவாகாது.

இன்னொரு ஓரத்தில் கைராய்டு என்ற வலைப்பின்னல் வடிவம் இருக்கிறது. ஆலன் ஷோன் 1970-இல் நாசாவில் இருந்தபோது விவரித்தது. எடை குறைந்த பாகங்களிலும் எலும்பு வளரவிடும் சட்டகங்களிலும் இன்று பரவலாகப் பயன்படுகிறது. சைன், கோசைன் பெருக்கல்கள் மூன்றைக் கூட்டினால் பூஜ்யம் என்ற ஒற்றை வரிச் சமன்பாட்டில் முழு வடிவமும் ஏறத்தாழ அடங்கிவிடும். அதையே முக்கோணமாக ஒடித்தால் கையளவுப் பொருளுக்கே கணினி திணறும் அளவுக்குக் கோப்பு ஊதிவிடும். நோட்டில் ஒரு வரி, தட்டில் ஒரு மலை.

எஸ்டிஎல்லின் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். மாற்றாக 2011-இல் ஏஎம்எஃப் என்ற தரம் வந்தது. அலகு, நிறம், மூலப்பொருள் எல்லாம் உண்டு, முக்கோணத்தை வளைக்கக்கூட வசதி உண்டு. காகிதத்தில் அழகான தரம். எழுத எத்தனித்த நிறுவனங்கள் குறைவு. 2015-இல் மைக்ரோசாஃப்ட், ஹெச்பி, ஆட்டோடெஸ்க் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி 3எம்எஃப் கொண்டுவந்தன. அது ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் வாலை மாற்றிப் பிரித்தால் உள்ளே படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் இருக்கும். முனைகளை ஒருமுறைதான் எழுதும், அலகைச் சொல்லும், சொல்லாவிட்டால் மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். இன்று புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் எஸ்டிஎல்லில் தொடங்கக் காரணமே இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் தொடங்குவார்கள், ஏனென்றால் வழிகாட்டிப் பேராசிரியரின் பழைய கோப்புகள் எல்லாம் எஸ்டிஎல்.

நாழி மாறினால் கணக்கு மாறும்

அச்சிடுமுன் ஸ்லைசர் என்ற மென்பொருள் பொருளைக் கிடைமட்டமாக அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் முனை எப்படி நகர வேண்டும் என்று ஜி-கோட் எழுதுகிறது. உலோகம் கடையும் சிஎன்சி இயந்திரங்களின் கட்டளை மொழியையே பிளாஸ்டிக் அச்சுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். "ஜி1 எக்ஸ்50 ஒய்20 இ1.87" என்றால் இந்த இடத்துக்குப் போ, போகிற வழியில் 1.87 மி.மீ. கம்பியை உள்ளே தள்ளு. "எம்109" என்றால் முனை சூடேறும்வரை காத்திரு, அதாவது எண்ணெய் காயட்டும்.

அந்த 1.87 எங்கிருந்து வந்தது? 50 மி.மீ. நீளம், 0.45 அகலம், 0.2 உயரம் உள்ள இழையின் கன அளவு 4.5 கன மி.மீ. இயந்திரத்தில் போட்டிருப்பது 1.75 மி.மீ. விட்டக் கம்பி; அதன் வெட்டுப் பரப்பால் வகுத்தால் 1.87. இதே குறிப்பை 2.85 மி.மீ. கம்பி போடும் இயந்திரத்தில் ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் 2.65 மடங்கு பிளாஸ்டிக் வழியும். சின்ன நாழிக்கு எழுதிய திருகுக் கணக்கைப் பெரிய நாழியில் போட்டால் என்ன ஆகுமோ அதுவே. ஜி-கோட்டை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கு "மாற்றித் தா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கவேண்டிய பதில்: ஒரு படி மேலே ஏறி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைக்கு மாற்றி எதற்கு?

பிளாஸ்டிக் அச்சில் இதோடு பிரச்சினை தீர்ந்தது, ஜி-கோட் திறந்த புத்தகம். உலோக அச்சில் கதவு பூட்டியிருக்கும். ஆய்வாளர்கள் நிஜமாகவே கடிதம் எழுத வேண்டியிருப்பது அங்கேதான்.

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மாஸ் நிறுவனம், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய அக்னிபான் சார்டெட் ராக்கெட்டில் ஒரே துண்டாக அச்சிட்ட என்ஜின் இருந்தது. இத்தகைய வேலைக்குப் பயன்படும் உலோக அச்சில் நாழியே இல்லை. மெல்லிய உலோகப் பொடியைப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, மேலே அடுத்த பொடி பரப்புவார்கள். இங்கே கைவேலைக் குறிப்பு என்பது லேசர் எந்தக் கோட்டில், எந்த வரிசையில், என்ன திறனில், என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பது. அலுமினியக் கலவை ஒன்றுக்கு ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் கணக்கு இது: 370 வாட், விநாடிக்கு 1300 மி.மீ., கோட்டுக்குக் கோடு 0.19 மி.மீ. இடைவெளி, அடுக்குத் தடிமன் 0.03 மி.மீ. பின் மூன்றையும் பெருக்கி, வந்ததால் முதலாவதை வகுத்தால் கன மி.மீ.க்கு ஏறத்தாழ 50 ஜூல் ஆற்றல். இதுதான் இந்த மாவின் பதம். குறைந்தால் பொடி சரியாக உருகாமல் இடைவெளி விழும். கூடினால் உலோகம் கொதித்து உள்ளே குமிழி தங்கும்.

கோடுகளின் திசையையும் அடுக்குக்கு அடுக்கு திருப்புவார்கள், பெரும்பாலும் 67 பாகை. 180-க்கும் 67-க்கும் பொதுக் காரணி இல்லாததால் ஒரே திசைக் கோடு மறுபடி வர 180 அடுக்கு ஆகும். பலவீனம் ஒரே இடத்தில் சேராது.

இயந்திரத்தோடு வரும் மென்பொருள் இதையெல்லாம் தானே செய்துவிடும். உற்பத்திக்கூடத்துக்கு அது வரம். ஆய்வாளருக்கு அதுவே தடை. கோடுகளை வேறு வரிசையில் ஓட்டினால் விரிசல் குறையுமா, ஓரத்தில் திறனைக் குறைத்தால் வளைவு நிற்குமா என்பதுதான் அவருடைய கேள்வியே. அதற்குத் தன் கோடுகளைத் தானே எழுதி இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். எழுத வேண்டிய கோப்போ நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. ரெனிஷாவுக்கு ஒன்று, இஓஎஸ்ஸுக்கு ஒன்று, எஸ்எல்எம் சொல்யூஷன்ஸுக்கு ஒன்று.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கொண்டுவரும் முயற்சி 1990-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் நடந்தது. சிஎல்ஐ என்ற அந்தக் கோப்பு வகையில் அடுக்குகளின் எல்லைக்கோடும் நிரப்பு கோடும் உண்டு. லேசரின் திறனும் வேகமும் இல்லை. சுற்று எழுதியிருக்கிறது, எண்ணெய்ச் சூடு எழுதவில்லை.

பதம் ஒன்றாக இருந்தாலும் கை வேறாக இருப்பதுதான் மாற்றி எழுதுகிறவருக்குப் பெரிய தலைவலி. பல இயந்திரங்களில் லேசர் நிற்காமல் ஓடும், வேகம் என்ற ஓர் எண் போதும். ரெனிஷாவின் இயந்திரங்களில் லேசர் புள்ளி புள்ளியாகச் சுடும். புள்ளிகளுக்கு இடையே எத்தனை மைக்ரான், ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை மைக்ரோ விநாடி என்று இரண்டு எண். நாழியில் ஒரே இழுப்பாகப் பிழிவதும், கைமுறுக்கை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவதும் போல. புள்ளி இடைவெளி 60 மைக்ரான், நேரம் 50 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் விநாடிக்கு 1200 மி.மீ. ஆனால் புள்ளிக்குப் புள்ளி தாவ 10 மைக்ரோ விநாடி ஆனால் உண்மை வேகம் 1000 தான். தாவும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத மாற்றி, உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான வேகத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எழுதிக் கொடுக்கும். அதை வைத்து வெப்பக் கணிப்பு செய்தால் கட்டுரை முழுதும் தப்பு.

பைத்தானில் எழுதப்பட்ட பைஎஸ்எல்எம் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு லேசர்க் கோடுகளை உருவாக்கித் தரும். அதற்குத் துணையான லிப்எஸ்எல்எம், பல நிறுவனங்களின் இயந்திரக் கோப்புகளைப் பொதுவான ஓர் அமைப்பின் வழியாகக் கையாளுவதற்காக எழுதப்பட்டது: அடுக்கு, அதற்குள் எல்லைக்கோடும் நிரப்பு கோடும், ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய திறன்-வேக அட்டவணை. மாற்றி என்று எதைச் சொல்கிறோமோ அதன் எலும்புக்கூடு இவ்வளவுதான். படிக்கும் பக்கம் ஒன்று, எழுதும் பக்கம் ஒன்று, நடுவே இரு தரப்பையும் தாங்கும் ஒரு பொது அமைப்பு. நடு அமைப்பில் இடமில்லாத எதுவும் மறுகரைக்குப் போகாது.

கோப்பின் அமைப்பைத் திறந்துகாட்ட நிறுவனங்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு. தவறான கோப்பு விலையுயர்ந்த இயந்திரத்தின் கண்ணாடியைக் கெடுக்கும், உத்தரவாதம் பற்றிய சண்டை வரும். திறன்-வேகக் கணக்குகள் பல ஆண்டு உழைப்பின் வணிக ரகசியம் என்பதும் உண்மை. ஆனால் ரகசியம் காக்க வேண்டியது எண்களை. அந்த எண்களை எழுதும் பெட்டியின் அமைப்பையும் சேர்த்துப் பூட்டுவது, மசாலாவை மறைக்க அஞ்சறைப் பெட்டியையே புதைப்பது மாதிரி இருக்கிறது.

இனி அந்தக் கடிதத்தில் எழுத வேண்டியது. இயந்திரத்தின் மாதிரியும் அதில் ஓடும் மென்பொருளின் பதிப்பும் முதலில், ஏனென்றால் பதிப்பு மாறினால் கோப்பின் உள்ளமைப்பும் மாறலாம். அடுத்து திசை. நம் கோடுகளை இயந்திரத்துக்கு எழுத வேண்டுமா, இயந்திரத்தின் கோப்பைப் படித்துக் கணிப்புக்குக் கொடுத்தால் போதுமா? படிப்பது மட்டும் என்றால் இயந்திரம் கெடும் பயம் இல்லை. அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடும். பிறகு எது தப்பிப் பிழைக்க வேண்டும் என்ற பட்டியல்: கோடுகளின் வரிசையா, ஒவ்வொரு கோட்டின் திறனுமா, எல்லைக்கோடு எது நிரப்பு கோடு எது என்ற அடையாளமா. நிறுவனத்தின் சொந்த எண்கள் நமக்கு வேண்டாம், காலிப் பெட்டி போதும் என்று எழுதினால் பாதித் தயக்கம் அங்கேயே கரையும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தால், கட்டுரையோடு கோப்புகளையும் வெளியிட முடியுமா என்று அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆய்வை இன்னொருவர் செய்துபார்க்க முடியாதபடி விட்டுவிட்டு பிறகு வருந்திப் பயனில்லை.

மாற்றி கைக்கு வந்ததும் நேரே நல்ல பொடியில் இறங்கக் கூடாது. 20 மி.மீ. கனசதுரம் ஒன்றில் 10 மி.மீ. விட்டத்தில் நடுவே துளை போடுங்கள். கன அளவு 6429.2 கன மி.மீ. வர வேண்டும். துளையை 36 துண்டாக ஒடித்த எஸ்டிஎல்லில் அது சுமார் 6437 ஆகும், அந்த வித்தியாசம் எதிர்பார்த்ததுதான். அதற்குமேல் போனால் மாற்றியை நோண்ட வேண்டும். அலகு தவறினால் எண் பதினாறாயிரம் மடங்கு விலகித் தானாகவே கத்தும். கன அளவில் மாட்டாத ஒரு தவறும் உண்டு: இரண்டு அச்சுகள் இடம் மாறி, பொருள் கண்ணாடியில் பார்த்தது போல வருவது. அதற்கு ஒரு முகத்தில் 'ழ' என்று செதுக்கிவிடுங்கள். சுழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். மூலத்தையும் மாறி வந்ததையும் மெஷ்லேப் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதிகபட்ச விலகலை அளக்கலாம். அதற்கு ஹவுஸ்டார்ஃப் தூரம் என்ற கருவி அதிலேயே இருக்கிறது.

நிறுவனம் முடியாது என்று சொல்லிவிட்டால், குறைந்தபட்சம் சிஎல்ஐ கோப்பை ஏற்கும் வசதியைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். சூட்டுக் கணக்கை இயந்திரத்தின் திரையில் கையால் போட்டுக்கொள்ளலாம்.